எட்டாவது சர்வர்: நைட் கேப்பிட்டல் நிகழ்வும் மாறும் கட்டமைப்புகளுக்கான கூறு மாதிரிகளும்

2012 ஆகஸ்ட் 1, புதன்கிழமை. காலை 9.30 மணிக்கு நியூயார்க் பங்குச் சந்தை திறந்த பின் ஏறத்தாழ 45 நிமிடங்கள் வரை, நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனத்தின் ஆர்டர் அனுப்பும் மென்பொருள், வாடிக்கையாளர் எவரும் கேட்காத அளவுக்குப் பங்குகளை ஓயாமல் வாங்கியும் விற்றும் தள்ளியது. 154 பங்குகளில் 40 லட்சம் வர்த்தகங்கள் நடந்தேறி, 39.7 கோடிக்கு மேற்பட்ட பங்குகள் கைமாறின. முடிவில் 80 பங்குகளில் சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கிய நிலையும், 74 பங்குகளில் சுமார் 315 கோடி டாலருக்கு விற்ற நிலையும் நிறுவனத்தின் தலையில் விழுந்திருந்தன. அவற்றைத் தீர்த்து முடித்தபோது ஏற்பட்ட நட்டம் 46 கோடி டாலர். ஓராண்டுக்குள் அந்நிறுவனம் கெட்கோ என்ற மற்றொரு வர்த்தக நிறுவனத்தோடு இணைந்து, தனி நிறுவனமாக இருக்கும் நிலையை இழந்தது.

மென்பொருள் துறையில் இந்தக் கதை பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் சொல்லப்படுகிறது. எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய நிரலைப் போட ஒருவர் தவறிவிட்டார், டெப்லாய்மென்ட்டை, அதாவது புதிய நிரலை சர்வர்களில் நிறுவும் வேலையை, தானியங்கியாக்கியிருந்தால் தப்பியிருக்கலாம் என்று அதை முடித்துவிடுவார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அன்று காலை நிலைமையை மேலும் மோசமாக்கிய செயல், பிசகின்றிச் செய்து முடிக்கப்பட்ட ஒரு செயல்: சரியாக வேலை செய்துகொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலை நீக்கிய ரோல்பேக். அதை ஒரு தானியங்கிக் கருவி செய்திருந்தால் இன்னும் வேகமாகச் செய்திருக்கும். ஆகவே, பல கணினிகளில் பரவி ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் ஒரு கூறை, அதாவது தனியாகப் பிரித்து மாற்றக்கூடிய ஒரு மென்பொருள் பகுதியை, மாற்றுவது என்றால் என்ன, எதை மாற்றுகிறோம், எப்போது மாற்றலாம் என்ற கேள்விகளுக்கு மென்பொருள் கட்டமைப்பு ஆய்வு 1980களிலிருந்து அளித்துவரும் விடைகளை இந்நிகழ்வின்மேல் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் பணி. நிகழ்வு பற்றிய விவரங்கள் யாவும், அமெரிக்கப் பங்கு பரிவர்த்தனை ஆணையம் 2013 அக்டோபர் 16 அன்று 1.2 கோடி டாலர் அபராதம் விதித்து வெளியிட்ட உத்தரவில் பதிவாகியுள்ளவை.

சந்தை திறக்கும் முன்னும் பின்னும்

நைட் நிறுவனத்தின் வர்த்தக மேடையில் ஸ்மார்ஸ் என்ற பெயரில் ஒரு ரூட்டர் இருந்தது. இது வலையமைப்புச் சாதனமல்ல. ஆர்டர்களை வழிப்படுத்தும் மென்பொருள். மேடையின் பிற கூறுகளிலிருந்து வரும் தாய் ஆர்டரைப் பெற்று, சந்தையில் எங்கே எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பொறுத்து அதைச் சிறு சிறு சேய் ஆர்டர்களாக வெவ்வேறு சந்தைகளுக்கு அனுப்புவது அதன் வேலை. எட்டு சர்வர்களில் இதன் எட்டு நகல்கள் ஓடின.

நியூயார்க் பங்குச் சந்தை ஆகஸ்ட் 1 அன்று, சிறு முதலீட்டாளர்களுக்கென ரீட்டெயில் லிக்விடிட்டி புரோகிராம் என்ற புதிய திட்டத்தைத் தொடங்கவிருந்தது. அதில் பங்கேற்பதற்கான புதிய நிரலை நைட் எழுதி, ரூட்டருக்குள் பயன்பாட்டில் இல்லாமல் கிடந்த பவர் பெக் என்ற பழைய நிரலின் இடத்தில் வைத்தது. பவர் பெக்கின் பயன்பாடு 2003ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் நிரல் அப்படியே இருந்தது. கூப்பிட்டால் எழுந்து ஓடும் நிலையில் இருந்தது. புதிய வசதியை இயக்க, முன்பு பவர் பெக்கை இயக்கிய அதே ஃபிளாக்கை, அதாவது ஆர்டரோடு சேர்ந்து வரும் இயக்கக் குறியை, மறுபயன்பாடு செய்தார்கள். பழைய நிரல் நீங்கிவிடும், எனவே அந்த ஃபிளாக் வந்தால் புதிய நிரலே இயங்கும் என்பது கணக்கு. ஜூலை 27 முதல் சில நாட்களாகப் படிப்படியாகப் புதிய நிரல் சர்வர்களில் நிறுவப்பட்டது. எட்டாவது சர்வரில் அது நிறுவப்படவில்லை. இரண்டாவது ஒருவர் சரிபார்க்கவில்லை. சரிபார்க்கவேண்டும் என்ற எழுதப்பட்ட நடைமுறையும் இல்லை.

ஆகஸ்ட் 1 காலை 8.01 மணியளவில், சந்தை திறப்பதற்கு முந்தைய வர்த்தகத்துக்கான ஆர்டர்கள் வரத் தொடங்கியபோதே, உள் அமைப்பு ஒன்று ஸ்மார்ஸைக் குறிப்பிட்டு ‘பவர் பெக் டிஸேபிள்டு’ என்ற பிழைச் செய்தியுடன் மின்னஞ்சல்களை அனுப்பத் தொடங்கியது. 9.30 மணிக்குள் 97 மின்னஞ்சல்கள் ஒரு குழுவினரின் பெட்டியில் விழுந்தன. அவை எச்சரிக்கைகளாக வடிவமைக்கப்பட்டவை அல்ல. வந்தவுடன் படிக்கும் வழக்கமும் இல்லை.

சந்தை திறந்தபின் எட்டாவது சர்வருக்குள் என்ன நடந்தது என்பதை ஒரே ஓர் ஆர்டரை வைத்துப் பார்க்கலாம். 1,000 பங்குகள் வாங்கவேண்டும் என்று ஃபிளாக்குடன் ஒரு தாய் ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு சர்வர்களில் அந்த ஃபிளாக்குக்கு ‘புதிய திட்டத்துக்கு அனுப்பு’ என்று பொருள். எட்டாவதில் ‘பவர் பெக்கை ஓட்டு’ என்று பொருள். பவர் பெக் ஒரு சேய் ஆர்டரை அனுப்புகிறது, அது நிறைவேறுகிறது, அடுத்ததை அனுப்புகிறது. முற்காலத்தில், இதுவரை எத்தனை பங்குகள் நிறைவேறின என்று கூட்டிக்கொண்டே வந்து 1,000 ஆனதும் நிறுத்தச் சொல்லும் எண்ணிக்கைச் செயல்பாடு ஒன்று பவர் பெக்கிற்குள் இருந்தது. அதை 2005இல் ஸ்மார்ஸ் நிரலின் வேறொரு முந்தைய கட்டத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். நகர்த்தியபின் பவர் பெக்கை மறுபடி சோதிக்கவில்லை. எனவே 1,000 நிறைவேறியதை எட்டாவது சர்வர் அறியவில்லை. 2,000 ஆனதையும் அறியவில்லை. அப்படி 212 தாய் ஆர்டர்கள்தாம் பழைய நிரலின் வழியே சென்றன. அவற்றிலிருந்து பல லட்சக்கணக்கில் சேய் ஆர்டர்கள் கிளம்பின. இதில் மனத்தை உறுத்தும் விவரம் ஒன்று உத்தரவில் இருக்கிறது. தாய் ஆர்டர்கள் நிறைவேறிவிட்டன என்பதை நைட் அமைப்பின் மற்றொரு பகுதி உணர்ந்திருந்தது. அந்தச் செய்தி ஸ்மார்ஸுக்குப் போய்ச் சேரவில்லை.

காரணம் புரியாத நிலையில், சந்தை ஓடிக்கொண்டிருக்கும்போதே, புதிதாகப் போட்டதுதான் சிக்கல் என்று எண்ணிய பணியாளர்கள் ஏழு சர்வர்களிலும் புதிய நிரலை எடுத்துவிட்டார்கள். ஃபிளாக்குடன் ஆர்டர்கள் வருவது நிற்கவில்லை. ஏழு சர்வர்களிலும் பவர் பெக் விழித்துக்கொண்டது.

கூறு மாதிரி என்றால் என்ன

ஒரு மென்பொருளை எத்தகைய கூறுகளாகப் பிரிப்பது, அவற்றை எப்படிப் பிணைப்பது என்று வகுக்கும் விதித்தொகுப்பே கூறு மாதிரி. ஓடும்போதே மாறும் கட்டமைப்பு பற்றிய ஆய்வின் வேர்களில் ஒன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருக்கிறது. ஜெஃப் கிராமர், ஜெஃப் மகீ முதலியோர் 1980களில் உருவாக்கிய கானிக் என்ற சூழலில், நிலக்கரிச் சுரங்கக் கண்காணிப்பு போன்ற கட்டுப்பாட்டுப் பணிகள் மனத்தில் வைக்கப்பட்டிருந்தன. சுரங்கத்தில் நீரை இறைக்கும் பம்பையும் மீத்தேன் அளவையும் கவனிக்கும் அமைப்பை, ஒரு தொகுதியைப் புதுப்பிப்பதற்காக முழுவதுமாக நிறுத்திவைக்க முடியாது. ஆகவே ஒரு பிரிவினையை அவர்கள் உறுதியாக வகுத்தார்கள்: ஒவ்வொரு கூறின் உள் வேலை ஒரு மொழியில் எழுதப்படும்; எந்தக் கூறு எதனோடு பிணைக்கப்பட்டிருக்கிறது என்ற அமைவடிவம் தனியாக, வேறொரு மொழியில் எழுதப்படும். பின்னாளில் வந்த டார்வின் என்ற மொழியில் இது முழுமையடைந்தது. ஒரு கூறு தான் அளிக்கும் சேவை எது, தனக்குத் தேவைப்படும் சேவை எது என்று இரண்டையும் அறிவிக்கும். தன் தேவையை யார் தீர்க்கிறார் என்பது அதற்குத் தெரியாது. அதை அமைவடிவம் தீர்மானிக்கும்.

தேவைப்படுவதையும் அறிவிக்கச் சொன்னதுதான் இம்மாதிரிகளின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். நாம் அன்றாடம் எழுதும் நிரல்களில் ஒரு தொகுதி எதை அளிக்கிறது என்பது ஓரளவு வெளியே தெரியும். அது எதை நம்பியிருக்கிறது என்பது உள்ளே, ஆங்காங்கே உள்ள அழைப்புகளில் புதைந்து கிடக்கும். புதைந்து கிடப்பதை மாற்றும் நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

பிரான்சில் இன்ரியா என்ற கணினியியல் ஆய்வு நிறுவனமும் பிரான்ஸ் டெலிகாமும் சேர்ந்து 2000களின் தொடக்கத்தில் வடித்த ஃபிராக்டல் மாதிரி இதே வழியில் இன்னும் ஓரடி சென்றது. அதில் ஒவ்வொரு கூறையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கும். பிணைப்பைக் கவனிக்கும் கட்டுப்படுத்தி, உள்ளடக்கத்தைக் கவனிக்கும் கட்டுப்படுத்தி, தொடக்கத்தையும் நிறுத்தத்தையும் கவனிக்கும் வாழ்க்கைச்சுழற்சிக் கட்டுப்படுத்தி ஆகியவை அந்தச் சவ்வில் அமர்ந்திருக்கும். ஓடும் நேரத்தில் ‘நீ யாரோடு பிணைந்திருக்கிறாய்’ என்று கூறையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கட்டாயமாகத் தேவைப்படும் இடைமுகம் (ஒரு சேவையைத் தரவோ பெறவோ கூறில் உள்ள இணைப்புமுனை) ஒன்று பிணைக்கப்படாமல் இருந்தால் கூறைத் தொடக்க முடியாது என்பது ஃபிராக்டலின் விதி.

பிணைப்பு அறுந்த எண்ணிக்கை

அந்த விதியை 2005ஆம் ஆண்டின் மாற்றத்தின்மேல் வைத்துப் பாருங்கள். பவர் பெக் ஒரு கூறாகவும், ‘இதுவரை நிறைவேறிய பங்குகளின் எண்ணிக்கை’ அதற்குக் கட்டாயமாகத் தேவைப்படும் இடைமுகமாகவும் எழுதப்பட்டிருந்தால், எண்ணிக்கைச் செயல்பாட்டை வேறிடத்துக்கு நகர்த்திய அன்றே பவர் பெக்கின் அந்த இடைமுகம் பிணைப்பின்றித் தொங்கியிருக்கும். ஏழு ஆண்டுகள் கழித்து ஒரு ஃபிளாக் அதை எழுப்ப முயன்றபோது, வாழ்க்கைச்சுழற்சிக் கட்டுப்படுத்தி அதைத் தொடக்க மறுத்துப் பிழை எறிந்திருக்கும். எட்டாவது சர்வர் வெறும் பழுதடைந்த சர்வராக நின்றிருக்கும், ஆர்டர்களில் ஒரு பகுதி நிராகரிக்கப்பட்டிருக்கும், வாடிக்கையாளர்கள் கோபித்திருப்பார்கள். அவ்வளவோடு முடிந்திருக்கும்.

இங்கே பழுதின் இயல்பைக் கவனிக்கவேண்டும். எண்ணிக்கை இல்லாத பவர் பெக் நின்றுபோகவில்லை. முன்னைவிட உற்சாகமாக ஓடியது. நிறுத்தும் வேலையைச் செய்துகொண்டிருந்த பகுதியைப் பிரித்தெடுத்தால், மீதிப் பகுதி ஓட்டத்தில் எந்தக் குறையும் காட்டாது. நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் தொகுப்பியும் புகார் சொல்லாது. தேவையை அறிவித்து வைக்கும் மாதிரி மட்டுமே இதைப் பிடிக்கும், அதுவும் ‘நிறுத்தச் சொல்வது எனக்குத் தேவை’ என்று எழுதியவர் உணர்ந்து அறிவித்திருந்தால்தான். நிறைவேறிய செய்தி மற்றொரு பகுதிக்குத் தெரிந்தும் ரூட்டருக்கு வந்துசேராத கதையும் இதுவேதான்: அளிக்கும் இடைமுகம் ஓரிடத்தில் இருந்தது, தேவைப்படுபவர் வேறிடத்தில் இருந்தார், நடுவில் பிணைப்பு இல்லை. 97 மின்னஞ்சல்களுக்கும் இது பொருந்தும்.

ஒரு ஃபிளாக், இரண்டு பொருள்

ஃபிளாக்கை மறுபயன்பாடு செய்ததற்காக நைட்டின் நிரலாளர்களைப் பழிப்பது எளிது. நான் வேலை பார்த்த ஒரு குழுவில், பல சேவைகள் பகிர்ந்துகொள்ளும் ஒரு செய்தி வடிவத்தில் புதிய புலம் ஒன்றைச் சேர்க்க நான்கு குழுக்களின் ஒப்புதல் தேவைப்பட்டது. பயன்பாட்டிலிருந்து நீங்கிய பழைய புலம் ஒன்று காலியாகவே இருந்தது. இரண்டு வாரக் காத்திருப்பையும் ஒரு காலிப் புலத்தையும் எதிரெதிரே வைத்தால், கெடு நெருங்கும் வேளையில் பெரும்பாலோர் எதைத் தேர்வார்கள் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நானும் அதைத்தான் தேர்ந்தேன். எங்களுக்குக் கேடு எதுவும் நேரவில்லை. பழைய பொருளில் அதைப் படிக்கும் ஒரு நகல் எங்கும் மிஞ்சியிருக்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

கூறு மாதிரியின் மொழியில் சொன்னால், ஃபிளாக்கின் பொருளை மாற்றுவது என்பது இடைமுகத்தின் வகையை மாற்றுவது. ஓஎஸ்ஜிஐ என்ற ஜாவா கூறு மேடையில், ஒவ்வொரு தொகுப்பும் தான் ஏற்றுமதி செய்யும் பகுதிகளுக்குப் பதிப்பு எண் இடும். இறக்குமதி செய்யும் தொகுப்பு எந்தப் பதிப்பெல்லை தனக்குப் பொருந்தும் என்று சொல்லும். பொருந்தாவிட்டால் தொகுப்பு தொடங்கும் நிலைக்கே வராது. ஆர்டர் அனுப்பும் கூறு ‘ஆர்டர் இடைமுகம், பதிப்பு 2’ வேண்டும் என்றும் எட்டாவது சர்வர் ‘பதிப்பு 1’ மட்டுமே தருகிறேன் என்றும் அறிவித்திருந்தால், இரண்டுக்கும் இடையே பிணைப்பு விழுந்திருக்காது. ஆனால் பதிப்பு எண்ணை மாற்றுவது மனிதர் கையில் இருக்கிறது. தரவின் வடிவம் மாறவில்லை, அதே ஒரு பிட் தானே என்று எண்ணி எண்ணை மாற்றாமல் விட்டால், ஓஎஸ்ஜிஐயும் மகிழ்ச்சியோடு பிணைத்துவிடும். மாதிரி ஓர் உண்மையை எழுதிவைக்க இடம் தருகிறது. எழுதும் பொறுப்பு நம்முடையது.

இன்று, நிரலின் நகல்களைப் பல கணினிகளில் தானாக நிறுவி ஓட்டும் கூபர்னெட்டிஸ் போன்ற மேடைகள் இதில் எவ்வளவு தூரம் உதவும் என்ற கேள்வி இயல்பாகவே எழும். எட்டு நகல்கள், இந்தப் படிமம் (ஓடத் தயாராகக் கட்டிவைத்த நிரல்) என்று விரும்பும் நிலையை எழுதிக்கொடுத்தால், உள்ள நிலையை அதனோடு ஓயாமல் ஒப்பிட்டுச் சரிசெய்யும் கட்டுப்படுத்திகள் அதில் உள்ளன. எட்டாவது சர்வரை மறக்கும் பிழை அங்கே நேர்வது கடினம். ஆனால் படிப்படியான புதுப்பித்தல் நடக்கும் அந்த இடைவெளியில் பழைய நகலும் புதிய நகலும் ஒரே சேவைப் பெயரின் பின்னால் ஒன்றாக நின்று ஆர்டர்களைப் பெறும். நைட்டில் விபத்தாக நேர்ந்த கலப்பு நிலை, இங்கே ஒவ்வொரு புதுப்பித்தலிலும் திட்டமிட்டே சில நிமிடங்களுக்கு உண்டாக்கப்படுகிறது. நகல் உயிரோடு இருக்கிறதா, தயாராக இருக்கிறதா என்று மேடை விசாரிக்கும். ஃபிளாக்குக்கு அது என்ன பொருள் கொள்கிறது என்று விசாரிக்காது.

எப்போது மாற்றலாம்

1990 நவம்பரில் கிராமரும் மகீயும் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் இன்றும் அடித்தளமாக இருக்கிறது. வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து, பக்கத்தாரோடு முட்கரண்டிகளைப் பகிர்ந்து உண்ணும் தத்துவஞானிகள் பற்றிய டைக்ஸ்ட்ராவின் பழைய புதிரை எடுத்து, விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு ஞானியை எழுப்பி அனுப்பவும் புதிதாக ஒருவரை உட்காரவைக்கவும் வேண்டுமானால் என்ன செய்வது என்று அவர்கள் கேட்டார்கள். மாற்றத்துக்கான கட்டளைகள் நான்கே: உருவாக்கு, நீக்கு, பிணை, அவிழ். இக்கட்டளைகள் கூறுகளின் உள் நிரலைத் தொடுவதில்லை. அமைவடிவத்தின் மீதே செயல்படும். ஆனால் ஒரு கூறைத் தொடும் முன் அது சலனமற்ற நிலையில் இருக்கவேண்டும்.

அந்த நிலையை அவர்கள் இரு கட்டமாக வரையறுத்தார்கள். முதலாவது, முனைப்படங்கிய நிலை: கூறு தானாக எந்தப் பரிமாற்றத்தையும் (கூறுகளுக்கிடையே நடக்கும் கேள்வி-பதில் தொடரை) தொடங்காது, தான் தொடங்கியது எதுவும் நடுவில் நிற்கவில்லை, ஆனால் பிறர் கேட்டால் பதில் தரும். இரண்டாவது, சலனமற்ற நிலை: மேற்சொன்னவற்றோடு, அது யாருக்கும் இப்போது பதில் தந்துகொண்டிருக்கவும் இல்லை, அதன் சேவையைக் கேட்டு வேறெவரும் பரிமாற்றம் தொடங்கியிருக்கவும் இல்லை, தொடங்கப்போவதும் இல்லை. முதல் நிலையைக் கூறு தனியாகவே எட்டிவிடலாம். இரண்டாம் நிலையைத் தனியாக எட்ட முடியாது. அதனிடம் கேட்கக்கூடிய எல்லாக் கூறுகளும் முனைப்படங்கவேண்டும். ஒன்றை மாற்ற அதைச் சூழ்ந்தவற்றை அடக்கவேண்டும் என்ற இந்த வரையறை, மாற்றத்தின் எல்லை எது என்பதைப் படத்திலிருந்தே கணக்கிட வழிசெய்தது.

இதை நைட்டின் இரண்டு மாற்றங்களுக்கும் பொருத்தினால் கிடைக்கும் விடைகள் நேர்மாறானவை. முதல் மாற்றம் ஜூலை இறுதியில் சில நாட்களாகப் படிப்படியாக நடந்தது. ஃபிளாக்குடன் வரும் ஆர்டர்கள் அப்போது இல்லை. அந்தப் பாதையைப் பொறுத்தவரை சலனமற்ற நிலை தானாகவே அமைந்திருந்தது. எப்போது மாற்றலாம் என்ற விதி அங்கே மீறப்படவில்லை. மாற்றத்துக்குப் பிந்தைய அமைவடிவம் முழுமையானதா என்ற வேறொரு சோதனைதான் விடுபட்டது. எட்டு ரூட்டர்களும் ஒரே வகையாக இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு அமைவடிவத்தில் எழுதப்பட்டு, ஆர்டர் அனுப்பும் கூறுக்கு ஃபிளாக்கை இயக்கும் அனுமதி அச்சோதனைக்குப் பின்னரே தரப்பட்டிருக்கவேண்டும்.

இரண்டாவது மாற்றமான ரோல்பேக் அப்படியல்ல. சந்தை திறந்திருக்கிறது, தாய் ஆர்டர்கள் வந்துகொண்டிருக்கின்றன, ஏழு ரூட்டர்கள் பரிமாற்றங்களின் நடுவில் இருக்கின்றன. அவற்றை மாற்றவேண்டுமானால், அவற்றிடம் கேட்கும் கூறுகளை, அதாவது தாய் ஆர்டர்களை அனுப்பும் பகுதியை, முதலில் முனைப்படக்கவேண்டும். இந்த விதியைக் கடைப்பிடித்திருந்தால் ரோல்பேக்கின் முதல் படியே ஆர்டர் வரவை நிறுத்துவதாக இருந்திருக்கும். நோய் என்னவென்று தெரியாமலே சரியான மருந்தில் ஒரு பங்கைக் கொடுத்ததாகியிருக்கும். அதோடு, மாற்றத்தின் மறுமுனையும் கண்ணில் பட்டிருக்கும்: ஃபிளாக்குடன் அனுப்பும் கூறு ஒருபுறம், ஃபிளாக்கைப் பொருள்கொள்ளும் ரூட்டர் மறுபுறம். ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றம் இரு முனைகளையும் சேர்த்த ஒன்று. ரோல்பேக் ஒரு முனையை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோனது. புதிய அனுப்புநரும் பழைய ரூட்டரும் சேர்ந்த அப்படியோர் அமைவடிவத்தை அதற்கு முன் எவரும் வடிவமைத்ததோ சோதித்ததோ கிடையாது. கோப்புகளைத்தான் பின்னுக்குக் கொண்டுபோனார்கள். அமைப்பு முன்பின் அறியாத ஓரிடத்துக்கு முன்னேறியது.

மாதிரி எட்டாத இடம்

இவ்வளவு சொன்னபின் அந்த மாதிரியின் வரம்பையும் சொல்லியாகவேண்டும். சலனமற்ற நிலையை எட்ட முடியும் என்ற கிராமர், மகீயின் உறுதிமொழி ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: தொடங்கிய பரிமாற்றம் ஒவ்வொன்றும் வரம்புள்ள காலத்துக்குள் முடியும். எட்டாவது சர்வரில் ஒரு தாய் ஆர்டரின் பரிமாற்றம் முடியவே முடியாது. அதை முடிப்பது எண்ணிக்கை, எண்ணிக்கையோ இல்லை. அனுப்புநரை அடக்கிவிட்டுக் காத்திருந்தால், ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட ஆர்டர்கள் சேய்களை ஈன்றுகொண்டே இருந்திருக்கும். சலனமற்ற நிலைக்காகக் காலவரையின்றிக் காத்திருக்க நேர்ந்திருக்கும். காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் சராசரியாக 1 கோடி டாலருக்கு மேல் நட்டம். நலமாக இருக்கும் அமைப்பைப் புதுப்பிப்பதற்கான விதி அது. நோயுற்ற அமைப்பை அடக்குவதற்கு வேறு விதி வேண்டும்.

சலனமற்ற நிலை மிகக் கடுமையானது, தேவைக்கு மேல் அமைப்பை முடக்குகிறது என்ற குறை பின்னர் எழுந்தது. 2007இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் சாந்த நிலை என்று சொல்லத்தக்க ஒரு தளர்ந்த நிபந்தனையை முன்வைத்தார்கள்: ஒரு பரிமாற்றத்தில் கூறு ஏற்கெனவே பங்கேற்று, மறுபடியும் பங்கேற்கவேண்டியிருக்கும் நடுக்கட்டத்தில் இல்லாவிட்டால் போதும், மாற்றலாம். 2011இல் வந்த பதிப்பு ஒருமை என்ற கருத்து, ஒரு பரிமாற்றம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பதிப்பிலான கூறுகளையே காணவேண்டும் என்றது. இவை இரண்டும் இடையூறைக் குறைக்கின்றன. முடிவில்லாப் பரிமாற்றத்துக்கு இவற்றிலும் மருந்தில்லை.

அந்த மருந்து வேறு மரபிலிருந்து வருகிறது. எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்த எர்லாங் மொழியில், ஓடும் அமைப்பில் ஒரு தொகுதியின் பழைய பதிப்பும் நடப்புப் பதிப்பும் ஒரே நேரத்தில் இருக்கலாம். இரண்டுக்கு மேல் இருக்க முடியாது. புதிய பதிப்புக்கு இடம் தரப் பழையதை அகற்றும்போது, இன்னும் பழைய நிரலையே பிடித்துக்கொண்டிருக்கும் செயல்முறைகள் கொல்லப்படும். கொல்லப்பட்டதைக் கவனித்து என்ன செய்வது என்று முடிவெடுக்க மேற்பார்வைச் செயல்முறை ஒன்று மேலே இருக்கும். முடியட்டும் என்று காத்திருக்கும் மென்மையான வழியும் அதில் உண்டு; எதைத் தேர்வது என்பதை முன்கூட்டியே சிந்தித்து எழுதவேண்டிய கட்டாயமும் உண்டு. நைட்டிடம் கொல்லும் வழி என்று வகுக்கப்பட்ட எதுவும் இருக்கவில்லை. பொருந்தாத வர்த்தகங்கள் போய்ச் சேரும் கணக்கு ஒன்று நிறுவனத்தில் இருந்தது. அதில் கோடிக்கணக்கான டாலர்கள் குவிந்துகொண்டிருந்தன. ஆனால் முழு நிறுவனத்துக்கான மூலதன வரம்போடு அந்தக் கணக்கு இணைக்கப்பட்டிருக்கவில்லை. அதைத் திரையில் பார்த்து உணரவேண்டிய பொறுப்பு மனிதர்களிடம் விடப்பட்டிருந்தது. இதுவும் பிணைக்கப்படாத ஓர் இடைமுகம்தான். வரம்பு மீறியது என்று அங்கிருந்து கிளம்பும் ஒரு செய்தி ரூட்டரை நிறுத்தும் பிணைப்பாக இருந்திருந்தால், ஃபிளாக்கின் கதையோ எட்டாவது சர்வரின் கதையோ யாருக்கும் தெரியாமலே வெள்ளம் நின்றிருக்கும்.

எனவே இன்று ஒரு குழு இதே மாற்றத்தைச் செய்வதானால் நான் எதிர்பார்ப்பது: ஃபிளாக்குக்குப் புதிய பெயர், இடைமுகத்துக்குப் புதிய பதிப்பு; எட்டு ரூட்டர்களும் இரு பதிப்புகளையும் ஏற்கும் இடைக்கால அமைவடிவம்; எட்டும் ஏற்கின்றன என்று ஒவ்வொன்றையும் கேட்டு உறுதிசெய்தபின் அனுப்புநரின் பிணைப்பை மாற்றுதல்; பின்வாங்க நேர்ந்தால் முதலில் அனுப்புநர், பிறகு ரூட்டர் என்று எழுதி ஒத்திகை பார்த்த வரிசை. ஆனால் இந்த நிகழ்வில் மிக மலிவாகக் கிடைத்திருந்த வாய்ப்பு இவற்றுக்கெல்லாம் ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே வந்து போயிருந்தது. 2003இல் பவர் பெக்கை இனி எவரும் பயன்படுத்தப் போவதில்லை என்று முடிவான அன்று, அது சலனமற்ற நிலையில் இருந்தது. காத்திருக்கத் தேவையில்லை, யாரையும் அடக்கத் தேவையில்லை. கிராமரும் மகீயும் வகுத்த நான்கு கட்டளைகளில் இரண்டு மட்டும் போதும்: ரூட்டரிலிருந்து பவர் பெக்கை அவிழ், பவர் பெக்கை நீக்கு.